மீனில்லாத இடம்

எங்கள் திருக்கைத் தீவுக் குடியரசில் அமைச்சர்கள் மூன்று பேர், சாலைகள் இரண்டு, போக்குவரத்து விளக்கு ஒன்று. அந்த விளக்கையும் போன வருடம் ஓர் ஆடு முட்டிச் சாய்த்துவிட்டது, ஒருவரும் கவனிக்கவில்லை. ஆகாயத்திலிருந்து பார்த்தால் நாடு முழுவதும் ஒரு திருக்கை மீன் படுத்திருப்பது போலத் தெரியும். அதன் வால் நுனியில், கடைசி வீட்டில், நானும் என் மனைவி செலஸ்தினாவும் இருக்கிறோம். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வீடுகள். அத்தனை பேரும் மீன் பிடிக்கிறவர்கள், அத்தனை பேரும் பொய் சொல்கிறவர்கள். நான் ஒருவன்தான் விதிவிலக்கு. முப்பத்து நான்கு வருட அரசு உத்தியோகத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை.

வயல்காரர்களுக்கு நெல் அறுப்பு. எங்களுக்குச் சாளை மீன் அறுப்பு. சாளைப் பருவத்தின் கடைசி நாளில் வருவது வெறுமடித் திருநாள். வலையின் வால்பக்கம் பை மாதிரி ஒன்று இருக்கும், மீனெல்லாம் வந்து சேருமிடம். அதற்குப் பெயர் மடி. அன்று விடிகாலையில் எல்லாப் படகும் கடலுக்குப் போகும். உச்சிவெயிலுக்குள் கரை திரும்பும். யார் மடியில் ஒன்றுமே இல்லையோ அவன்தான் வெறுமடியான், அன்றைய ராஜா. எத்தனை பேர் அப்படி வந்தாலும் அத்தனை பேரும் ராஜாதான். மற்ற நாடுகளில் நிறையப் பிடித்தவனுக்கு மாலை போடுவார்களாம். எங்களுக்கு அது புரிவதே இல்லை. கூடை நிறைய மீன் வைத்திருப்பவனுக்கு மாலை எதற்கு?

வெறுமடியானின் தலையில் தாழை ஓலைக் கிரீடம் வைத்து, தோளில் தூக்கி, வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் ஊட்ட வேண்டும். அவன் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் கதவைச் சாத்தக் கூடாது. ஒரு வீடு விட்டுப்போனாலும் அடுத்த வருடம் சாளை கோபித்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடும். ஊட்டும்போது கேலி செய்வது கட்டாயம். வலையைக் கடலில் போட்டாயா, கொல்லையில் துவைத்துக் காயப்போட்டாயா என்று, ஒரு வருடம் வெறுமடியானாக வந்த என் மாமனாரைக் கேட்டார்கள். அவர் இருநூற்றுப் பதினான்கு வாயையும் வாங்கிக்கொண்டு படுத்தவர், எழுந்தபோது பேத்திக்குப் பல் முளைத்திருந்தது.

அந்த ஒரு வாய்ச் சோற்றில் எங்கள் நாட்டுச் சண்டைகளில் பாதி தீர்ந்துவிடும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குள்ளும் நுழைந்துதானே ஆக வேண்டும்? நுழைந்து, வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? எங்கள் நீதிமன்றத்தில் வழக்கு இல்லாமல் கோழி அடைத்திருந்தோம்.

இந்தத் திருநாளைக் கொன்றவன் நான்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தேசிய மீன்பாட்டுக் கணிப்பு மையத்தைத் திறந்தோம். பாடு என்றால் எங்கள் பேச்சில் ஒரு நாளைய மீன் வரவு. கடலுக்கடியில் ஆயிரக்கணக்கான காதுகள். அவை கேட்பதையெல்லாம் கூட்டிப் பார்த்து, எந்த மீன் கூட்டம் எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று சொல்லும் ஓர் இயந்திர மூளை. காதுகளின் கம்பிகள் கைகால் போலப் பரந்துகிடந்ததால் ஊர் அதற்கு, பல கை கொண்ட கணவாய் மீனை நினைத்து, கணவாய் என்று பெயர் வைத்தது. தினமும் காலையில் ஒவ்வொரு படகுக்கும் ஓர் இடம் சொல்லும். அங்கே வலை போட்டால் அளந்து வைத்தது போல் மீன். கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது; கடலும் வறளாது. சொன்ன இடத்தை விட்டு வேறெங்காவது போட்டாலோ, பிடித்ததை வீணாக்கினாலோ படகு உரிமம் ஆயுளுக்கும் போச்சு. கணவாயின் முதல் தலைமை அலுவலர் நான்தான். அதன் முதல் விதியை என் கையாலேயே எழுதினேன்: எந்தப் படகும் வெறுமடியோடு கரை திரும்பக் கூடாது.

திரும்பவில்லை. ஒன்பது வருடமாக ஒரு படகுகூட.

திருநாளை விட்டுவிட முடியுமா என்று மீன்வள அமைச்சர் லொயோலாவே கிரீடத்தை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். பாவம், நல்ல மனிதர், சர்க்கரை வியாதி. மூன்று வீட்டில் அரை இட்லி சாப்பிட்டுவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு, மாத்திரை போடப் போய்விடுவார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் மீனை அவரவர் தின்றோம். எல்லோரிடமும் எல்லாம் இருந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. கோழிகளை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று.

இனி என் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். செலஸ்தினாவின் அண்ணன் எஸ்தாக்கி. எங்கள் வீட்டு வாசலில் நின்று தும்மினால் அவர் வீட்டில் விளக்கு அணையும், அவ்வளவு பக்கம். பதினொரு வருடத்துக்கு முன்னால் எங்கள் மகள் கல்யாணம். தாய்மாமன் என்றால் முதல் பந்தியில், இலை வரிசையின் தலைமாட்டில் உட்கார வேண்டும். அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து கணவாய்த் திட்டத்தைப் பார்க்க ஓர் இயக்குநர் வந்திருந்தார். எனக்குப் புத்தி கெட்டிருந்தது. மைத்துனருக்கு என்று போட்ட இலையில் இயக்குநரை உட்காரவைத்து, “மச்சான், நீங்க நம்ம ஆளுதானே, அடுத்த பந்தியில பாத்துக்கலாம்” என்றேன்.

அவர் கையைக் கழுவினார், சாப்பிடாத கையை. போய்விட்டார். அப்புறம் செலஸ்தினா ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, “மொதப் பந்தி முடிஞ்சிருச்சான்னு கேட்டுட்டு வா” என்று திருப்பி அனுப்பினார். அதற்கு மேல் இவளும் கூப்பிடவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிடிவாதம்.

ஆனால் ஒவ்வொரு வெறுமடித் திருநாளுக்கும் சுறாப்புட்டு செய்தாள். அவருக்குப் பிடித்தது அதுதான். அண்ணன் ஒரு வருடம் வெறுமடியோடு வந்தால் போதும், வீட்டுக்குள் வந்தாக வேண்டும், வாயைத் திறந்தாக வேண்டும். முதல் இரண்டு வருடம் கிரீடம் வேறு யாருக்கோ போயிற்று. மூன்றாம் வருடம் என் கணவாய் வந்துவிட்டது. அதன் பிறகும் புட்டு செய்தாள். நான் தின்றேன்.

இந்த வருடம் எஸ்தாக்கிக்கு அறுபத்தாறு. இதுதான் கடைசிப் பருவம் என்றும், திருநாள் முடிந்து வியாழக்கிழமைக் கப்பலில் அக்கரைப் பெருநாட்டிலிருக்கும் மகனிடம் போய்விடுவதாகவும், திரும்ப உத்தேசமில்லை என்றும் ஊருக்கே சொல்லியிருந்தார். எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. மீன் சந்தையில் கேட்டுவிட்டு வந்த செலஸ்தினா கூடையை இறக்கி வைக்காமலே என் முன்னால் நின்றாள்.

“முப்பத்து நாலு வருசம் உங்கள ஒண்ணு கேட்டிருப்பனா?”

கேட்டதையெல்லாம் எழுதினால் கடல் மை போதாது. ஆனாலும் இல்லை என்றேன்.

“அந்தக் கணவாயை ஒரே ஒரு நாளு பொய் சொல்லச் சொல்லுங்க. எங்க அண்ணனுக்கு மட்டும்.”

அன்று மதியமே கிளம்பினேன். மையத்தின் வாசலில் என் பழைய உதவியாளர் காவலுக்கு நின்றார். ஓய்வு பெற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்றார். என்னுடைய தேநீர்க் கோப்பை உள்ளே இருக்கிறது, எடுக்க வேண்டும் என்றேன். ஆறு வருடமாக அந்தக் கோப்பையை எடுக்கப் போகிறேன், இன்னும் எடுக்கவில்லை.

உள்ளே கணவாய் என் குரலை உடனே கண்டுகொண்டது. “வாருங்கள் ஐயா. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?” என்றது. மரியாதையான இயந்திரம். மரியாதையையும் நான்தான் எழுதினேன்.

விஷயத்தைச் சொன்னேன். மச்சானின் எட்டாம் எண் படகைத் திருநாளன்று ஏதாவது ஒரு வெறும் தண்ணீருக்கு அனுப்பு என்று.

“அது முதல் விதிக்கு விரோதம், ஐயா. கையெழுத்து உங்களுடையது.”

“ஒரே நாள்தானே. அழிச்சுடு.”

“அழிக்க மூன்று அமைச்சர்களும் கையெழுத்திட வேண்டும். அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.” பிறகு “எனக்கு ஒரு சந்தேகம்” என்றது. “வெறும் மடி என்றால் நஷ்டம் என்று எனக்குச் சொல்லித் தந்தீர்கள். இப்போது ஒருவருக்கு நஷ்டம் வேண்டும் என்று கேட்கிறீர்கள். எது சரி?”

இருபது நாட்டு நிபுணர்கள்கூட என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“நஷ்டம்தான். ஆனா அதுல ஒரு வழி இருந்துச்சு. கையில ஒண்ணும் இல்லாதவன் யாரு வீட்டுக்கும் போகலாம். எல்லார்கிட்டயும் எல்லாம் இருந்தா, எதைச் சொல்லிட்டுப் போறது?”

“எதையும் சொல்லாமல் போகக் கூடாதா?”

“எங்க ஊர்ல முடியாது. நாங்க ரோசக்காரங்க.”

“ரோசம் என் கணக்கில் இல்லை, ஐயா. எட்டாம் எண் படகுக்கும் மற்றவர்களைப் போலவே மீன் கிடைக்கும். மன்னியுங்கள்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது செலஸ்தினா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உப்பில் போட்ட சுறாத் துண்டுகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். எதற்கு இனி என்று கேட்டேன். பழக்கம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை திருநாள். என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு அரசு ஒரு கௌரவப் பதவி தரும். எனக்குக் கிடைத்தது மடி பார்ப்பவர். பழைய பதவி. இலவசச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு மீனைக் கொட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு என்பதால், வலையைச் சோதித்து, இது நிஜமான வெறுமடிதான் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அவர் பார்த்து முடிக்கும்வரை மற்றவர்கள் ஏழடி தள்ளி நிற்க வேண்டும். ஒன்பது வருடமாகப் பார்க்க ஒரு மடியும் இல்லை. பொன்னிறப் பட்டை ஒன்றைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு நாற்காலியில் தூங்குவது வேலை.

உச்சிவெயிலில் படகுகள் வந்தன. ஒவ்வொன்றும் தண்ணீரில் அழுந்தி, பின்னால் பறவைக் கூட்டத்தோடு, ஒரே அளவு மீனோடு. அமைச்சர் லொயோலா கிரீடத்தைத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக எட்டாம் எண் படகு வந்தது. அதன் பின்னால் ஒரு பறவைகூட இல்லை. படகு தண்ணீருக்கு மேல் காலித் தேங்காய்மட்டை போல எழும்பி ஆடிக்கொண்டு வந்தது. கரையில் சந்தையே நடந்துகொண்டிருந்தது, அப்படியே அமைதியாகிவிட்டது. நான் தூங்கவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எஸ்தாக்கி இறங்கினார். வலையைத் தூக்கிக் கரையில் போட்டார். யார் முகத்தையும் பார்க்காமல், “வெறுமடி” என்றார்.

அமைச்சருக்கு வியர்த்துவிட்டது. கணவாய் தவறு செய்தால் நாளைக்கு எந்தப் படகும் அதை நம்பாது. தவறு கணவாயுடையது இல்லை என்றால் இந்த மனிதர் சட்டத்தை மீறியிருக்கிறார். இரண்டில் ஒன்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்களுக்குள் பதினொரு வருடப் பகை என்பதால், தயவுதாட்சண்யம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வேன் என்று நாடே நம்பியது.

வலையருகில் போய்க் குனிந்தேன். மீனே படாத வலை நனைந்த சாக்கு மாதிரி மங்கலாக இருக்கும். இந்த வலை மினுங்கியது. கண்ணி கண்ணியாகச் சாளைச் செதில், புதுச் செதில், அள்ளினால் மூன்று படி தேறும். மடியின் வாயைக் கட்டும் கயிறு அவிழ்த்துத் திரும்பக் கட்டியதாக இருந்தது. நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். அவருடைய முழங்கை வரைக்கும் வெள்ளி. புருவத்தில்கூட ஒரு செதில் ஒட்டியிருந்தது. அளந்து கிடைத்த மீன் முழுவதையும் அவர் நடுக்கடலில் உட்கார்ந்து, மடியை அவிழ்த்து, உயிரோடு விட்டுவிட்டு வந்திருக்கிறார். கடைசிப் பருவம் என்பதால் உரிமம் போனாலும் போகட்டும் என்று துணிந்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் கிரீடம் கிடையாது. வியாழக்கிழமை கப்பல்.

அவர் என்னைப் பார்த்தார். பதினொரு வருடத்தில் முதல்முறை. கெஞ்சவில்லை. முறைத்தார்.

நான் எழுந்து, முப்பத்து நான்கு வருட உத்தியோகக் குரலில் சொன்னேன்: “கணவாய் சொன்ன இடம் சரி. இவர் வலை போட்டதும் சரி. மீன் வரல. கடல்னா அப்படித்தான். இது வெறுமடி.”

அமைச்சருக்குத் திருப்தியில்லை. துறைமுக ஒலிபெருக்கி வழியாகக் கணவாயிடமே கேட்டார்: எட்டாம் எண் படகின் இன்றைய பாடு எவ்வளவு? கடலுக்கடியில் ஆயிரம் காது வைத்திருக்கிற இயந்திரம். மடி நிறைந்ததும், அவிழ்ந்ததும், மீன் ஓடியதும் அதற்குக் கேட்காமலா இருக்கும்? எந்தக் கேள்விக்கும் கண் இமைப்பதற்குள் பதில் சொல்லும். அன்று மூன்று முழு விநாடி எடுத்துக்கொண்டது. எனக்கு நரை கூடியது அந்த மூன்று விநாடியில்தான்.

“எட்டாம் எண் படகு,” என்றது. “கரைக்கு வந்தது: ஒன்றுமில்லை.”

லொயோலா கிரீடத்தைக் கழற்றி எஸ்தாக்கியின் தலையில் வைத்தார். அந்த நிமிடம் அமைச்சர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, ஒன்பது வருடமாக அரை இட்லி அவரை எவ்வளவு வதைத்திருக்கிறது என்று தெரிந்தது. அதன் பிறகு ஊர் போட்ட சத்தத்தில் இரண்டு சுறாக்கள் பெருநாட்டுக்கே ஓடிவிட்டன என்கிறார்கள்.

கேலி ஒன்பது வருடமாகத் தேங்கியிருந்தது. எஸ்தாக்கி படகில் ஏறினால் மீனுக்கெல்லாம் விடுமுறையாம். கடலே அவரைப் பார்த்து இலவசமாகச் சிரித்ததாம். வீடு வீடாக ஊட்டினார்கள். ஒருவருக்கொருவர் பேசாத வீட்டுக்காரர்கள்கூட ராஜாவைத் தூக்கும் சாக்கில் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்தார்கள். எங்கள் வீடு வால் நுனியில் இருப்பதால் கடைசி. அந்தி சாய்கிற நேரம் அவரை இறக்கி வைத்தபோது இருநூற்றுப் பதிமூன்று வாய் உள்ளே போயிருந்தது. மூச்சு விடுவதற்கே இடம் தேடிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்றார். செலஸ்தினா தட்டோடு நின்றாள். வயிறு நிறைந்தவருக்குக் கொஞ்சமாக எடுப்பாள் என்று பார்த்தேன். பதினொரு வருடத்துக்கும் சேர்த்து, தேங்காய் அளவுக்கு ஒரு கவளம் பிடித்தாள்.

அவர் வாயைத் திறந்தார்.

மென்றார். நிறைய நேரம் மென்றார். ஊரே வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“உப்பு கம்மி” என்றார்.

“பதினோரு வருசம் முந்தி வந்திருந்தா சரியா இருந்திருக்கும்” என்றாள் அவள். பிறகு அவர் புருவத்தில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்துவிட்டாள். முந்தானையால் துடைத்து எடுத்து, உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அப்போதுதான் அவர் அழுதார். வாய் நிறையப் புட்டோடு ஒரு கிழவர் அழுவது பார்க்க நன்றாக இருக்காது. நானும் அழுதுகொண்டிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

தண்ணீர் கொடுக்கப் போனபோது என் காதருகே, “மாப்ள, மடியில என்ன பாத்த?” என்றார்.

“கண்ணாடி கொண்டுவரல மச்சான்.”

பிறகு நானே, “அன்னைக்கு அந்த எலையில...” என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மன்னித்ததாகவும் இருக்கலாம், ஏப்பம் வந்ததாகவும் இருக்கலாம்.

அன்று எங்கள் கூடத்தில் படுத்தவர், வியாழக்கிழமை வரை எழுந்திருக்கவில்லை. வைத்தியர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த நிலையில் கப்பலில் ஏற்றினால் கப்பல் ஒரு பக்கம் சாயும் என்றார். அடுத்த கப்பல் அடுத்த மாதம். செலஸ்தினா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு, நாள் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவ்வளவு சந்தோஷமான திட்டு நான் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை கப்பல் ஊதிப் போன பிறகு, கோப்பையை எடுக்கும் சாக்கில் மையத்துக்குப் போனேன். கணவாய்க்கு நன்றி சொன்னேன். நீயும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாயா என்று கேட்டேன்.

“இல்லை, ஐயா. பாடு என்றால் கரைக்கு வந்தது என்று விளக்கம் எழுதியது நீங்கள். கடலில் நடந்ததை அமைச்சர் கேட்கவில்லை.” பிறகு, “எட்டாம் எண் படகுக்காரர் ஒன்பது வருடமாகத் திருநாளன்று காலையில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். மீனில்லாத இடம் எது என்று. உங்களுக்கு அப்படி ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை என்று பதில் சொல்வேன். இந்த வருடம் மட்டும் கேட்கவில்லை. அதனால், மீனில்லாத மடியை அவரே உண்டாக்கப் போகிறார் என்று புரிந்துகொண்டேன்” என்றது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் செலஸ்தினா ஒன்பது வருடம் புட்டு செய்திருக்கிறாள். அவர் ஒன்பது வருடம் கடலில் வெறும் தண்ணீரைத் தேடியிருக்கிறார். நடுவில் நான் எழுதிய ஒரு வரி.

“இதை ஏன் அன்னைக்கே சொல்லல?”

“ஒருவர் கேட்டதை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. எட்டாம் எண் படகு இப்போது ஓய்வு பெற்றுவிட்டது; அதனால் சொல்கிறேன். மற்றவர்களுடையதைச் சொல்ல முடியாது.”

“மத்தவங்களா?”

“பெயர் சொல்ல முடியாது, ஐயா. எண்ணிக்கை சொல்லலாம். திருநாளன்று மீனில்லாத இடம் கேட்பவர்கள், இந்த வருடக் கணக்குப்படி, நூற்று நாற்பத்து மூன்று பேர்.”

வீட்டுக்கு வந்து இருவரிடமும் சொன்னேன். எஸ்தாக்கி முனகலை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தார். யாருக்கு எந்த வீட்டோடு பேச்சில்லை என்று விரல் மடக்கி யோசிக்க ஆரம்பித்தார்: பாய்மரக்காரர் பிலவேந்திரன், அவருக்குத் தம்பி வீடு, கயித்தான், அவனுக்குச் சம்பந்தி வீடு, லொயோலாகூட ஒரு காலத்தில் படகு வைத்திருந்தவர்தானே, அவருக்கும் யார் வீடோ. மடியை எப்படி அவிழ்த்தால் மீனுக்கு அடிபடாது என்று ஒரு நுணுக்கம் இருப்பதாகவும், அதை நாலு பேருக்காவது சொல்லிவிட்டுத்தான் கப்பலேறுவதாகவும், அதற்கு ஒரு வருடமாவது பிடிக்கும் என்றும் சொன்னார். அடுத்த வருடமும் மடி பார்ப்பவர் பதவியை விட்டுவிடாதே என்று எனக்கு உத்தரவு போட்டார்.

செலஸ்தினா அடுக்களைக்குள் போனாள். இருக்கிறதிலேயே பெரிய பானையை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். இடுப்பில் கை வைத்து அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“நூத்து நாப்பத்து மூணு பேருக்கு இது எங்க பத்தும்” என்றாள்.